புதுமடத்திலிருந்து வேதாளை வரை

ராமநாதபுரம் கடற்கரை என்றதும் பாம்பன் பாலமும் ராமேசுவரம் கோயில் பிராகாரமும் தனுஷ்கோடியும் உங்கள் கண் முன்னால் வந்து நின்றிருக்கும். அவற்றைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்று இல்லை. இன்றைக்கு நாம் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. உச்சிப்புளியில் இறங்கித் தெற்கே திரும்பிப் புதுமடம் போகலாம். அங்கிருந்து கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே வேதாளை வரை நடக்கலாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். அவசரம் ஒன்றும் இல்லை.

கடலோர நடை என்றதும் எனக்கு இன்னொரு கரையும் நினைவுக்கு வருகிறது. மத்தியதரைக் கடலோரத்தில், பிரான்சு நாட்டு மார்செய் நகரத்தை ஒட்டி, சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. அந்த விளிம்பில் போகிற ஒற்றையடிப் பாதையில் நடப்பதற்கென்றே எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். வெள்ளைவெளேரென்று நிற்கிற அந்தக் கல், கடலடியில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியது. பூமி அதை உயரத் தூக்கிவிட்டதால் மலையானது. நம் தென்கடலிலும் உயிர்கள் கட்டிய சுண்ணாம்புதான் இருக்கிறது, பவளப் பாராக. ராமேசுவரம் தீவின் வடகரையில் பழைய பவளப் பார் ஒன்று தண்ணீருக்கு மேலே காய்ந்து நிற்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கடல்மட்டம் இப்போதைவிட உயர்ந்திருந்தபோது வளர்ந்த பார் அது. நம் கரைக்கு வாய்த்த உயரம் அவ்வளவுதான். ஏறுவதற்கு மலை இல்லை. நடப்பதற்குக் கரை உண்டு.

புதுமடத்தில் என் பள்ளித் தோழன் வீடு இருந்தது. விடுமுறைக்கு அங்கே போய்விடுவேன். அந்த வீட்டுக் கொல்லைச் சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் உள்ளே இருந்த கல் தெரியும். கையை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் கல் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் நட்சத்திரம் வரைந்த மாதிரி கோடுகள். ஒரு குழிக்கு ஓர் உயிர் என்று அப்போது எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. மழை பெய்து சுவர் நனைந்தால் கடல் வாசனை அடிக்கும். ஒரு காலத்தில் இந்தக் கரை நெடுக இப்படித்தான். பாரை வெட்டிச் சுவர் எழுப்பினார்கள், காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பார் போனால் மீன் போகும், அலையைத் தடுக்கவும் ஆள் இருக்காது. அது புரிவதற்கு நாளாயிற்று. 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ஐயும் சேர்த்துக் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பவளத்தை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கிற முதல் பட்டியலில் சேர்த்தார்கள். அதனால் ஒரு வேண்டுகோள். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பவளச் சல்லி ஒன்று அழகாக இருக்கிறதே என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தோழனுடைய உம்மா ஒரு மீன் ஆணம் வைப்பார்கள். தேங்காய்ப்பால் ஊற்றி, புளி குறைத்து, இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள. நாங்கள் கடற்கரைக்குக் கிளம்பும்போது, "ஆணம் ஆறிப்போறதுக்குள்ள வந்துருங்க வாப்பா" என்று வாசல் வரை வந்து சொல்வார்கள். ராமநாதபுரத்துக் கடலோரத்தில் ஒரு வீட்டிலாவது அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட உங்களுக்கு வாய்க்கவேண்டும்.

சரி, நடப்போம். தண்ணீர் வற்றும் வேளையில் போனால் பாசி எடுக்கிற பெண்களைப் பார்க்கலாம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகம் மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார்கள். அகர் எடுக்கிற பாசி அது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. கடலைக் காப்பாற்றவும் தங்கள் தொழில் உரிமையைக் கேட்கவும் பெண்களைத் திரட்டியவர். அந்தச் செய்தியை நான் எத்தனையோ பேரிடம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறேன்.

கிழக்கே போகப் போக ஒன்றைக் கவனிப்பீர்கள். வடக்கே வடகடல், தெற்கே தென்கடல். இரண்டுக்கும் நடுவில் நிலம் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. வேதாளையை நெருங்கும்போது மிஞ்சுவது ஒரு பட்டை நிலம்தான். மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது 1902இல். அதுவரைக்கும் காசியிலிருந்து வந்தவரானாலும் காரைக்குடியிலிருந்து வந்தவரானாலும், தரைவழியாகச் சேதுவுக்குப் போகிறவர் இந்தப் பட்டையைத் தாண்டித்தான் படகுக்குப் போகவேண்டும். மாற்றுவழி கிடையாது. அதைப் போர்ச்சுக்கீசியர்கள் நன்றாகக் கண்டுகொண்டார்கள்.

கொஞ்சம் பொறுங்கள், இந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வந்தது முத்துக்காக. 1538இல் இதே வேதாளைக் கரையில் ஒரு பெரிய சண்டை நடந்தது. கோழிக்கோட்டு சாமூதிரியின் ஆதரவோடு மரக்கார்கள் நடத்திவந்த கப்பற்படை இலங்கைக்குப் போகிற வழியில் இங்கே கரையேறியிருந்தது. போர்ச்சுக்கீசியக் கடற்படைத் தலைவர் மார்ட்டின் அபோன்சோ டி சௌசா அதைத் துரத்திவந்து தோற்கடித்தார். அதற்குப் பிறகு போர்ச்சுக்கீசியர்கள் வேதாளையில் ஒரு மண்கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முத்துக்குளித்துறையின் தளபதி, ராமேசுவரம் போகிற வழியை மறித்து ஓர் அகழி வெட்டினார். தாண்டவேண்டுமா, பணம் கொடு.

யோசித்துப் பாருங்கள். கங்கைத் தண்ணீரைச் செம்பில் அடைத்துக்கொண்டு மாதக்கணக்காக நடந்து வந்தவர், கடைசி நாள் நடையில் ஒரு பள்ளத்தின் முன்னால் நிற்கிறார். முறையீடு மேலே போனது. 1549இல் தெலுங்கு பேசும் வடுகர் படை வந்து கோட்டையைத் தாக்கியது. போர்ச்சுக்கீசியர்கள் படகுகளை நோக்கி ஓடினார்கள். அந்தோனியோ கிரிமினாலி என்ற இளம் இத்தாலியப் பாதிரியார் மட்டும் ஓடவில்லை. இந்த ஊரில் கிறிஸ்தவம் தழுவியிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிடுவதற்காகக் கரையிலேயே நின்றார். ஈட்டி பாய்ந்து அங்கேயே இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. இயேசு சபையின் முதல் வேதசாட்சி என்று அவரைச் சொல்கிறார்கள். அகழி வெட்டியதில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை, செத்தது அவர். இந்த மணலில் நிற்கும்போதெல்லாம் அந்த நியாயமின்மை என்னை உறுத்தும். 1560இல் போர்ச்சுக்கீசியர்கள் தலைமையிடத்தை மன்னார் தீவுக்கே மாற்றிக்கொண்டார்கள்.

யாத்திரிகரிடம் காசு கேட்டதற்கு இதே வழியில் இன்னொரு கதையும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயரகுநாத சேதுபதி ஆண்டபோது, அவருடைய மருமகன் தண்டத்தேவர் பாம்பனுக்குப் படகேறுகிறவர்களிடம் வரி வாங்கினாராம். மன்னருக்குத் தெரியாமல் வாங்கினார், கோயில் திருப்பணிக்காகத்தான் வாங்கினார் என்றும் சொல்வார்கள். கையில் காசில்லாத ஒரு பரதேசி மன்னரிடம் போய் அழுதார். மன்னர் மருமகனுக்கு மரண தண்டனை கொடுத்தார். தண்டத்தேவரை மணந்திருந்தவர்கள் மன்னரின் மகள்கள் இருவருமே. இரண்டு பேரும் உயிரை விட்டார்கள். அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகை பார்த்திருப்பீர்களே, அந்தப் பெண்களின் நினைவாக ஏற்பட்ட ஊர்கள் என்பது சேதுநாட்டு வழக்கு. திருப்பணிக்கே ஆனாலும் நடந்து வருகிறவனிடம் காசு பறிக்கக் கூடாது என்று ஒரு மன்னர் இவ்வளவு கடுமையாக நின்றிருக்கிறார். அந்தத் தண்டனையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் பரதேசியின் அழுகை அரண்மனை வரை கேட்டதே, அது பெரிய விஷயம்.

பேசிக்கொண்டே வேதாளைக்கு வந்துவிட்டோம். நடுவில் சீனியப்பா தர்காவைத் தாண்டியதை நான் சொல்லவே இல்லை. எல்லா மதத்தாரும் வந்துபோகிற இடம், அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நடங்கள்.

போகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் போங்கள். வாடைக்காற்றுக்கு வடகடல்தான் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள், குடிதண்ணீரைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் நிழல் என்றால் பனைமரம்தான். எதிரே தெரிகிற தீவுகளுக்கு அனுமதி இல்லாமல் படகு கேட்காதீர்கள். வேதாளையிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறினால் ராமநாதபுரத்துக்கும் ராமேசுவரத்துக்கும் பஸ் கிடைக்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது ரயில் வருவதற்கு முன்னால் நடந்தே சேதுவுக்குப் போய்வந்த கதை வழிவழியாக வந்திருந்தால், வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த ஊர்ச் சத்திரத்தில் தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், படகுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எது ஞாபகத்தில் இருந்தாலும் சரி. அடுத்த உரையில் வாசிக்கிறேன்.