சிவப்பு எழுத்தைக் கண்டு திரும்பிப் போகாதீர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“தொழில்நுட்பத்தைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுப்பா” என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். செயற்கை நுண்ணறிவு, ரோபோ என்று பெரிசாக ஏதாவது பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் பேசப்போவது அதைவிட ரொம்பச் சின்ன விஷயம். பைத்தான் என்னும் கணினி மொழியில் ஒரு தொகுப்பை நிறுவும்போது வருகிற தகராறு பற்றித்தான். சின்ன விஷயம் என்றாலும், வாசற்படியில் தடுக்கி விழுந்தவன் வீட்டுக்குள்ளே போகவே முடியாது இல்லையா?

இங்கே தமிழ், வரலாற்றுத் துறைப் பெரியவர்களும் இருக்கிறீர்கள். அதனால் முதலில் ஒரு விளக்கம். பைத்தான் மொழியை கைடோ வான் ராசம் என்ற நெதர்லாந்துக்காரர் 1991-இல் வெளியிட்டார். இன்று பொறியியல் மட்டுமல்ல, பி.எஸ்ஸி., பி.சி.ஏ. பிள்ளைகளும் படிப்பது இதைத்தான். எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. பிறர் எழுதி வைத்த தொகுப்புகள் ‘பைப்பிஐ’ என்ற பொதுக் களஞ்சியத்தில் 5 லட்சத்துக்கும் மேலே இருக்கின்றன. 2003 முதல் இயங்கி வருகிறது. அங்கிருந்து எடுத்துவந்து நம் கணினியில் வைக்கும் கருவிக்கு ‘பிப்’ என்று பெயர். கட்டளை ஒரே வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பதிலாக நாற்பது வரி சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில் வந்து நிற்கும். அங்கேதான் நம் பிள்ளைகள் திரும்பிப் போகிறார்கள்.

பொங்கலுக்குக் கெங்கவல்லி போயிருந்தேன். என் அக்கா மகள் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். “என்ன கண்ணு?” என்றேன். “மாமா, எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது. நான் பேசாம பி.எட். போயிடறேன்” என்றாள். ஆசிரியர் வேலை உயர்ந்த வேலை. அதை விரும்பிப் போனால் சந்தோஷம். ஆனால் இவள் அதை விரும்பிச் சொல்லவில்லை. இரண்டு நாளாக ஒரு தொகுப்பு ஏற மறுத்ததால் சொன்னாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதே வார்த்தையை நானும் சொன்னவன். இந்த மேடையில் இன்று ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். 2012-இல் என் இறுதியாண்டு புராஜெக்ட் நான் செய்ததல்ல. விலைக்கு வாங்கியது.

முதலில் நானேதான் செய்ய ஆரம்பித்தேன். அதற்கு ‘நம்பை’ என்ற கணக்குத் தொகுப்பு வேண்டியிருந்தது. இறக்கி ஓட்டினால், “பைத்தான் 2.7 தேவை, அது ரெஜிஸ்ட்ரியில் இல்லை” என்று வந்தது. என் கணினியில் பைத்தான் 2.7 கண்ணுக்கு முன்னால் இருந்தது! அழித்துப் போட்டேன், திரும்பப் போட்டேன். மூன்று வாரம் ஓடிப்போனது. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் ‘இது கூடத் தெரியாதா’ என்பார்களோ என்று வெட்கம். கடைசியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 8 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு புராஜெக்டை வாங்கி அட்டை போட்டுக் கொடுத்தோம். என் பங்கு 2 ஆயிரம். அப்பா குச்சிக்கிழங்கு வெட்டுக்கு முன்பணம் வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த வெட்கம் வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. 2014-இல் பெங்களூரில் ஒரு சீனியரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “உன் பைத்தான் 64 பிட், நீ இறக்கினது 32 பிட் இன்ஸ்டாலர். அது தன் வீட்டுலதான் தேடும், உன் பைத்தான் அடுத்த வீட்டுல இருந்திருக்கு” என்றார். அவ்வளவுதான் விஷயம். அந்தக் காலத்தில் நம்பை குழுவினர் விண்டோஸுக்கு 32 பிட் இன்ஸ்டாலர் மட்டுமே வெளியிட்டு வந்தார்கள். கலிஃபோர்னியாவில் இர்வைன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கோல்கே என்பவர் 64 பிட்டுக்கும் சேர்த்துப் பல தொகுப்புகளைத் தயார்செய்து, 2022 வரை இலவசமாகத் தந்துகொண்டிருந்தார். உலகம் முழுக்க எத்தனையோ மாணவர்களைக் காப்பாற்றிய மனிதர். எனக்கு அப்போது அவர் பெயர் தெரியாது. தெரிந்த ஒருவரைக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சரி, திண்ணைக்கு வருவோம். அவள் செய்ய நினைத்த காரியம் என்ன தெரியுமா? தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும் நிரல். எளிது என்று நினைப்பீர்கள். ‘தமிழ்’ என்று கொடுத்தால் பைத்தான் 5 என்கிறது. ‘கெங்கவல்லி’ 6 எழுத்து. அது 10 என்கிறது. யூனிகோடு முறையில் கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் இருப்பதால் அப்படி எண்ணுகிறது. நம் எழுத்து முறைப்படி எண்ண ‘ஓப்பன் தமிழ்’ என்ற தொகுப்பு இருக்கிறது. ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தன்னார்வலர்கள் பலரும் சேர்ந்து செய்தது. அதைத்தான் அவள் நிறுவப் பார்த்தாள்.

முதல் தகராறு: ‘பிப்’ என்று எழுதினால் “அப்படி ஒரு கட்டளையே தெரியாது” என்றது விண்டோஸ். பிப் இல்லாமல் இல்லை. அது இருக்கும் தெருவை விண்டோஸுக்கு யாரும் காட்டவில்லை. ‘பாத்’ என்ற பட்டியலில் அந்த முகவரி சேரவில்லை. இதற்குக் குறுக்குவழி, பிப்பை நேரே கூப்பிடாமல் பைத்தான் மூலமாகக் கூப்பிடுவது. ‘பை, ஹைஃபன் எம், பிப், இன்ஸ்டால்’, அப்புறம் தொகுப்பின் பெயர். ‘பை’ என்றால் பி, ஒய் இரண்டே எழுத்து.

இரண்டாவது: ஏறிவிட்டது என்று பிப் சொல்கிறது, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நிரல் சொல்கிறது. நான் அவளிடம் ‘பை’ போட்டு இரண்டு ஹைஃபனோடு ‘லிஸ்ட்’ என்று எழுதச் சொன்னேன். பார்த்தால் கணினியில் இரண்டு பைத்தான்! கல்லூரியில் சொன்னார்கள் என்று ஒன்று, வீடியோ பார்த்து இன்னொன்று. மளிகைச் சாமான் பெரியப்பா வீட்டில் இறங்கியிருக்கிறது, நாம் நம் வீட்டு அடுப்படியில் தேடுகிறோம். ‘எந்தப் பைத்தான்?’ என்பதுதான் முதல் கேள்வி. பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது: பெயர். நிறுவும்போது ‘ஓப்பன் ஹைஃபன் தமிழ்’. நிரலுக்குள் அழைக்கும்போது வெறும் ‘தமிழ்’. படத் தொகுப்பு ஏறும்போது ‘பில்லோ’, அழைக்கும்போது ‘பிஐஎல்’. ‘ஓப்பன்சிவி ஹைஃபன் பைத்தான்’ என்று ஏற்றியதை ‘சிவி2’ என்று அழைக்க வேண்டும். பத்திரத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர் மாதிரி. அதற்காகக் குத்துமதிப்பாக ஒரு பெயரை அடித்துப் பார்க்கக் கூடாது. உண்மைப் பெயர் போலவே பெயர் வைத்த பத்துப் போலித் தொகுப்புகளை 2017-இல் ஸ்லோவாக்கிய நாட்டுப் பாதுகாப்பு அலுவலகம் பைப்பிஐ-யில் கண்டுபிடித்தது. ஆகவே ஆவணத்தைப் பார்த்து, எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு பிழை வந்தது. “பாதி ஏற்றப்பட்ட தமிழ் என்ற தொகுப்பில் நீங்கள் கேட்டது இல்லை” என்று. எனக்கே ஐந்து நிமிடம் புரியவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், தன் கோப்புக்கு அவள் ‘தமிழ் டாட் பை’ என்று ஆங்கில எழுத்தில் ஆசையாகப் பெயர் வைத்திருந்தாள். ‘தமிழை அழை’ என்றால் பைத்தான் முதலில் பக்கத்திலேயே தேடும். அந்தக் கோப்பு தன்னையே கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறது! பெயரை மாற்றினோம். ‘கெங்கவல்லி’ என்று கொடுத்தாள். 6 என்று வந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்து ‘தம்மம்பட்டி’, ‘வீரகனூர்’, ‘பச்சைமலை’ என்று ஊரையெல்லாம் எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

மாணவர்களுக்காக இன்னும் சில சொல்கிறேன். “வீல் கட்ட முடியவில்லை, விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14 தேவை” என்று வருகிறதே, அது என்ன? நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். வீல் என்பது ஜவ்வரிசி மாதிரி, வாங்கி நேரே சமைக்கலாம். மூலத் தொகுப்பு என்பது குச்சிக்கிழங்கு மூட்டை. தோல் சீவி, அரைத்து, பாலை வடித்து, மாவை உருட்டி, வறுத்துக் காயவைத்தால்தான் ஜவ்வரிசி. அதற்கு சேகோ ஆலை வேண்டும். உங்கள் பைத்தானுக்குப் பொருந்தும் வீல் இல்லையென்றால் பிப் மூட்டையை இறக்கிவிட்டு ஆலை எங்கே என்று கேட்கிறது. அதுதான் அந்தப் பிழை. பெரும்பாலும் காரணம், நீங்கள் வைத்திருப்பது மிகப் புதிய பைத்தான். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் புதுப் பதிப்பு வருகிறது. எல்லாத் தொகுப்பும் அதற்கு வீல் போடச் சில மாதம்கூட ஆகலாம். ஆலை கட்டப் புறப்படாமல், ஒரு பதிப்பு பின்னால் போனால் போதும். வீல் கோப்பின் பெயரிலேயே எல்லாம் எழுதியிருக்கும். ‘சிபி 312’ என்றால் பைத்தான் 3.12, ‘வின் ஏஎம்டி 64’ என்றால் 64 பிட் விண்டோஸ். ஏஎம்டி என்றிருந்தாலும் இன்டெல் கணினிக்கும் அதுதான். இந்த ஒரு விவரம் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அப்பாவின் 2 ஆயிரம் மிஞ்சியிருக்கும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 2023-இல் வந்த டெபியன் 12 முதல், “இந்த இடம் வெளியார் பராமரிப்பில் உள்ளது” என்று பிப் மறுத்துவிடும். அதை உடைக்க ஒரு கட்டளை உண்டு. தயவுசெய்து உடைக்காதீர்கள், இயக்க முறைமையே அந்தப் பைத்தானை நம்பித்தான் நடக்கிறது. ‘வென்வ்’ என்று சொல்கிற தனிச்சூழல் ஒன்றை ஒவ்வொரு புராஜெக்டுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டுக் குடும்பத்தில் தனி அடுப்பு மாதிரி. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது பழைய பதிப்பை நம்பியிருந்த பல தொகுப்புகள் படுத்துவிட்டன. தனி அடுப்பு வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, பிழையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நிரல் ஓடும்போது வரும் பிழையில் கடைசி வரிதான் விஷயம். பிப் நிறுவும்போது கடைசி வரி பொதுவாகத்தான் இருக்கும். அங்கிருந்து மேலே ஏறிப் போனால் ‘எரர்’ என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும், அதுதான் காரணம். சிவப்பாக இருப்பதால் அது திட்டுகிறது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவனுக்கு ஆங்கிலத்தில் எது வந்தாலும் திட்டு மாதிரிதான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அது திட்டு அல்ல, தகவல்.

சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறேன். ஒன்று, ஆய்வகக் கணினியில் உள்ள பைத்தானுக்குப் பொருந்தும் வீல்களை ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் ஒரு பென்டிரைவில் சேர்த்துத் துறைக்குத் தருவோம். அதிலிருந்து இணையமே இல்லாமல் நிறுவலாம். கிராமத்திலிருந்து வரும் பிள்ளையின் செல்போன் டேட்டாவும் மிஞ்சும். இரண்டு, ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமை, பருவத் தொடக்கத்தில், இந்தத் துறையில் இருக்கும் நாம் நான்கைந்து பேர் வந்து மாணவர்களோடு பக்கத்தில் உட்காருவோம். மேடையும் மாலையும் வேண்டாம். பென்டிரைவுக்கான செலவும் முதல் சனிக்கிழமையும் என்னுடையது. மூன்றாவது விண்ணப்பம் பின்வரிசைக்கு. மூன்று வாரம் தனியாகத் தவிக்காதீர்கள் தம்பி, தங்கைகளே. ஒரு மணி நேரம் முயன்று பாருங்கள், அப்புறம் கேளுங்கள். ‘இது கூடத் தெரியாதா’ என்று எவராவது சொன்னால், ஒரு காலத்தில் அவருக்கும் தெரியாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் இப்போது பி.எட். பேச்சை எடுப்பதில்லை. போன வாரம் போன் செய்தாள். “மாமா, எங்க கிளாஸ்ல ஒரு புள்ளைக்கு இதே மாதிரி வந்துச்சு. எந்தப் பைத்தான்னு கேட்டேன், சரியாயிடுச்சு” என்றாள்.

அப்பாவிடம் அந்த 2 ஆயிரம் எதற்கு என்று இந்தப் பொங்கலில்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “அப்பவே யாரையாச்சும் கேட்டிருக்கலாமே சாமி” என்றார். அதையேதான் இன்று உங்கள் முன்னால் சொல்ல வந்தேன்.