ஏரிகள் தாங்கும் பெயர்கள்



கனடா நாட்டின் சஸ்காட்சுவான் மாநிலம் கோதுமை விளையும் பூமியாகும். 1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, அங்கே வயலில் பாடுபட்ட இளைஞர் பலர் கலப்பையை விடுத்துத் துப்பாக்கி ஏந்தினர். 1945இல் போர் ஓய்ந்தபோது, கனடா 44,000க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. அயல்நாடுகளில் மாண்டவர்கள் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டனர். ஊரிலிருந்த பெற்றோருக்கு மலர் சாத்தக் கல்லறையும் அருகில் இல்லை.

ஆயினும் அப்பிள்ளைகள் மறக்கப்படவில்லை. மாநிலத்தின் வடபகுதி ஏரிகளுக்கும் தீவுகளுக்கும் அவர்களுடைய பெயர்கள் சூட்டப்பட்டன. தளபதிகளின் பெயர்கள் மட்டுமல்ல, சாதாரண உழவர் மகனின் பெயரும் இன்று நாட்டின் வரைபடத்தில் நிலைத்திருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் காலை 11 மணிக்குச் சிற்றூர் மக்களும் மௌனமாக நின்று அவர்களை நினைவுகூருகின்றனர்.

உழைப்பாளி செய்த தியாகத்தை அவன் பெயர் சொல்லிப் போற்றுவதே உண்மையான நன்றிக்கடன்.