நடிகர் வென்றார், நாடகம்?

(திருமங்கலத்தில் ஆற்றிய உரை)



‘பெரியார்’ திரைப்படத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். புகழ்வது எளிது, கையொலியும் கிடைக்கும். ஆனால், எவர் சொல்லையும் ஏன், எதற்கு என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்ன தலைவரின் படத்தை ஆராயாமலே போற்றுவது அவருக்குச் சிறப்பா, சிறுமையா? அதிலும், நாட்டைப் பிடித்த நோய்களுள் ஒன்று சினிமா என்றவர் அவர்!

2007ஆம் ஆண்டு, ஞான. ராஜசேகரன் இயக்கத்தில் அப்படம் வெளிவந்தது. தமிழ்நாட்டரசு 95 இலட்ச ரூபாய் தந்து துணைநின்றது. சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதும் வந்தது. நோக்கம் நன்று, உழைப்பும் நன்று. அவற்றில் எனக்கு ஐயமில்லை.

சத்யராசைப் பற்றியும் ஐயமில்லை! ‘அமைதிப்படை’யில், 1994இல், அரசியல்வாதியின் அகந்தையை அம்பலமேற்றிச் சிரிக்கவைத்தாரே, அதே சத்யராசு. எகத்தாளமே அவருடைய ஆயுதம். அந்த எகத்தாளம் இங்கே பகுத்தறிவின் கிண்டலாகக் கூர்மை பெறுகிறது. அவர் கோவைக்காரர்; ஈரோட்டுப் பேச்சின் வாடையைக் கடன் வாங்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. வணிகர் வீட்டு இளைஞரின் மிடுக்கு, காசியிலே கண்ட பசி, நாகம்மையாரிடம் காட்டும் குறும்பு, தள்ளாத வயதிலும் தளராத குரல்! தாடி நடிக்கவில்லை தோழர்களே, தாடிக்குப் பின்னாலிருந்த மனிதர் நடித்தார்.

ஆனால் படம்? தொண்ணூற்று நான்கு ஆண்டு வாழ்வை ஒரே அமர்வில் சொல்லி முடிக்க முனைந்தது. காசி வருகிறது, போகிறது. வைக்கம் வருகிறது, போகிறது. புகைவண்டிச் சன்னலோரம் ஊர்கள் ஓடுவது போல ஆண்டுகள் ஓடுகின்றன. எதிர்ப்பவன் தோற்பதற்காகவே மேடையேறுகிறான். தோற்கவே படைக்கப்பட்டவனை வெல்வது வெற்றியா? எதிரியின் வாதம் வலுவாக ஒலித்தால்தானே அதைத் தகர்த்தவரின் வலிமை விளங்கும்?

நாடகம் எழுதுபவன் என்ற முறையிலே கேட்கிறேன். இராசாசியோடு வாழ்நாள் முழுதும் கொள்கைப் போர். 1972இல் அவர் மறைந்தபோதோ சுடுகாட்டிலே பெரியார் கண்ணீர் வடித்தார். அண்ணா 1949இல் பிரிந்து சென்றார். 1967இல் ஆட்சியைப் பிடித்ததும் திருச்சிக்கு அவரைத் தேடிச் சென்றார். இவற்றில் ஒன்று போதாதா ஒரு முழுப் படத்துக்கு? நம் மதுரையையே எண்ணிப் பாருங்கள். 1946 மே திங்கள், வைகை மணலிலே கருஞ்சட்டைப் படை மாநாடு. பந்தலுக்குத் தீ வைத்தனர் பகைவர். எரியும் பந்தல் ஒருபுறம், கொதிக்கும் தொண்டர் ஒருபுறம், இடையிலே ஒரு தலைவர்! அந்த ஒரு நாளைச் சத்யராசின் கையிலே கொடுத்திருந்தால்!

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. 2011இல் இங்கிலாந்தின் தாட்சர் அம்மையாரைப் பற்றி ‘தி அயர்ன் லேடி’ என்ற படம் வந்தது. மெரில் ஸ்ட்ரீப் ஆஸ்கார் விருது பெற்றார், தகுதியான விருது. ஆனால் 1984இல் தொடங்கி ஓராண்டுக் காலம் நடந்த சுரங்கத் தொழிலாளர் போராட்டம் அப்படத்திலே சில நொடிகளில் மின்னி மறைகிறது. நடிகை உயர்ந்தார், வரலாறு ஒதுங்கி நின்றது.

நமக்கு இது புரியாத கலையா? 1949இல் ‘வேலைக்காரி’, 1952இல் ‘பராசக்தி’. அவற்றில் எந்தத் தலைவரின் வரலாறும் கதையாகவில்லை. ஏழை வீட்டுத் துயரும் கைம்பெண்ணின் கண்ணீருமே கதை. ஆயினும் தலைவரின் கருத்து பட்டிதொட்டியெல்லாம் பரவிற்றே! அன்று கருத்தை மனிதர்களின் வாழ்விலே வைத்துக் காட்டினோம். இன்று தலைவரைப் பீடத்திலே வைத்துக் காட்டுகிறோம். பீடத்தில் இருப்பவருக்கு ஐயமில்லை, அச்சமில்லை, இழப்பில்லை; ஆகவே கதையும் இல்லை. நல்ல நடிகர் கிடைத்தால் சிலைக்கு மூச்சு வருகிறது. கிடைக்காவிட்டால்?

நம் தலைவரின் படம் என்பதற்காகக் குறையை மறைத்தால், அடுத்து வரும் படம் இன்னும் குறையோடு வரும். பெரியாரை அறியாத பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, “இவருக்கு எதுவும் கடினமாக இருந்ததில்லை போலும்” என்று எழுந்து போவான். பட்ட பாடு தெரியாதவனுக்குப் பெற்ற உரிமையின் விலை எப்படித் தெரியும்?

எழுதத் தெரிந்த இளைஞர்களே! உங்கள் ஊர் முதியவர்களிடம் செல்லுங்கள். முதல் சுயமரியாதைத் திருமணத்துக்காக அந்த வீட்டிலே யார் அழுதார், யார் பேச்சை நிறுத்தினார் என்று கேளுங்கள். அதை நாடகமாக்குங்கள். எதிர்த்து நின்ற மாமனுக்கும் நல்ல வசனம் கொடுங்கள். அடுத்த கூட்டத்திலே நான் பேசவேண்டாம். இதே மேடையிலே உங்கள் நாடகம் நடக்கட்டும்!