சாவி வாங்கும் முன்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நியூஸிலாந்து போய்வந்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பார்த்த இடங்களை வரிசையாகச் சொல்லி, போட்டோ காட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களைத் தூங்க வைக்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுத்து, நாமே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது. நம்மில் பலருடைய பிள்ளைகள் இப்போது இதைத்தான் ஏற்பாடு செய்கிறார்கள். அப்பா, அம்மா, பேரக்குழந்தை எல்லாரும் ஒரே காரில். கேட்க ஸந்தோஷமாக இருக்கிறது.

நான் ஒரு பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் ஏரியைப் பார்க்கும்போது என் கண் பாலிசியின் பின்பக்கத்துக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நாம் வாடகைக்கு எடுப்பது காரை மட்டுமல்ல, ஒரு பொறுப்பையும் சேர்த்துத்தான். அந்தப் பொறுப்பு யார் தலையில், எவ்வளவு தொகைக்கு, யார் கையில் ஸ்டியரிங் என்பதை இங்கே வீட்டில், எல்லாரும் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் முடிவு செய்ய வேண்டும். விமான நிலையக் கவுண்டரில் முடிவு செய்யக் கூடாது.

முதலில், கார் எதற்கு என்று கேட்பீர்கள். டூர் பஸ் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் நியூஸிலாந்தின் தென் தீவில் ஊர்கள் சின்னவை, தூரம் அதிகம். சாயங்காலம் சீக்கிரமே பல கடைகளை மூடிவிடுகிறார்கள். நம் சாப்பாடு கிடைப்பது சிரமம். அங்கே மோட்டல்களில் பெரும்பாலும் அறையோடு ஒரு சின்னச் சமையல் மேடை இருக்கும். அரிசியும் பருப்பும் காரில் இருந்தால் ராத்திரி ரசம் சாதம் நிச்சயம். முழங்கால் வலி உள்ளவர்கள் நினைத்த இடத்தில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகபோ ஏரி மூன்று மணி நேரம். அங்கிருந்து புகாகி ஏரியின் கரையோடு போனால், அந்த நாட்டின் மிக உயரமான சிகரமான மவுன்ட் குக் எதிரே வளர்ந்துகொண்டே வருகிறது. அந்தச் சாலையில் காரை நிறுத்தி ஃப்ளாஸ்க் காபி குடித்த அரை மணி நேரத்தை எந்த டூர் பஸ்ஸும் கொடுக்காது.

சரி, வீட்டில் செய்ய வேண்டியவை. முதலாவது லைசென்ஸ். நியூஸிலாந்தில் ஓட்ட நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ, இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டோ வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தாலும் பெர்மிட்டைக் கேட்கும் வாடகைக் கம்பெனிகள் உண்டு. ஆகவே எடுத்துவிடுவதே நல்லது. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் வருகிற பத்திரம் இது. நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் கொடுக்கிறார்கள். விண்ணப்பப் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய். இன்டர்நெட்டில் டாலர் வாங்கிக்கொண்டு பளபளவென்று ஒரு புத்தகம் அனுப்புகிறார்கள். அதற்கு மதிப்பே கிடையாது.

பெர்மிட் ஒரு வருஷம் செல்லும், அல்லது லைசென்ஸ் முடியும் தேதி வரை. இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸை ஐந்து ஐந்து வருஷமாகத்தான் புதுப்பிக்கிறார்கள் என்பதால், நம் வயதுக்காரர்கள் லைசென்ஸ் தேதியை முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்று, பெர்மிட் தனியாக நிற்காது. அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸை நம்பிப் போகாதீர்கள்.

இரண்டாவது கிரெடிட் கார்டு. கார் கொடுக்கும்போது ஒரு பெரிய தொகையை டெபாசிட்டாக உங்கள் கார்டில் பிடித்து வைப்பார்கள். கார்டு முதல் டிரைவரின் பெயரில் இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல கம்பெனிகள் ஏற்பதில்லை. நம் ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2020 முதல் புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டு உபயோகத்துக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டு உபயோகத்தை நாமே பாங்கில் சொல்லியோ, மொபைலிலோ திறந்துவிட வேண்டும். லிமிட்டும் போதுமானதாக இருக்க வேண்டும். பிள்ளை பெயரில் புக்கிங், அப்பா பெயரில் கார்டு என்று போய் நின்றால் கார் கிடைக்காமல் போகலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வாடகை விளம்பரத்தில் ஒரு நாளைக்கு இத்தனை டாலர், இன்ஷூரன்ஸ் உட்பட என்று போட்டிருக்கும். வாஸ்தவம்தான், இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனால் எக்ஸெஸ் என்று ஒன்று இருக்கிறது. சேதம் ஏற்பட்டால், தப்பு யாருடையதாக இருந்தாலும், முதலில் அந்தத் தொகை வரை நாம் கட்ட வேண்டும். அதற்கு மேல்தான் கம்பெனி. உதாரணத்துக்கு எக்ஸெஸ் 4,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நியூஸிலாந்து டாலர் 50 ரூபாய் என்று கணக்கிட்டாலும் இரண்டு லட்சம். பத்து நாள் வாடகையைவிட அது அதிகமாக இருக்கலாம். எனவே இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். வாடகை, எக்ஸெஸ், அதைக் குறைக்கத் தினமும் கட்ட வேண்டிய தொகை, இந்த மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மலிவான கார் பல சமயம் மலிவாக இராது.

எக்ஸெஸைத் திருப்பித் தரும் தனி பாலிசிகளும் வெளியில் விற்கிறார்கள். கவுண்டரில் வாங்குவதைவிட விலை குறைவாக இருக்கும். ஆனால் அதில் முதலில் நம் பணம் போகும், பிறகு ரசீதுகளை அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். கார்டில் டெபாசிட்டும் பிடிபடும். கையில் அந்த வசதி இருப்பவர்களுக்கு அது சரி.

அடுத்து, எதெல்லாம் இன்ஷூரன்ஸில் வராது என்ற பட்டியல். டயர், முன் கண்ணாடி, காரின் அடிப்பாகம், கூரை ஆகியவை பல ஒப்பந்தங்களில் வராது. பெட்ரோல் காரில் டீசல் போட்டால் வராது. அங்கே பங்க்கில் நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சில சாலைகளிலேயே பாதுகாப்பு கிடையாது. குவீன்ஸ்டவுன் பக்கத்தில் ஸ்கிப்பர்ஸ் ரோடு என்று பள்ளத்தாக்கு விளிம்பில் போகும் மண் சாலை ஒன்று. அநேகமாக எல்லா வாடகைக் கம்பெனிகளும் அதை விலக்கி வைத்திருக்கின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமான விலக்கு, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டுவது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பா பெயரில் மட்டும் கார். இரண்டாவது டிரைவருக்குத் தினமும் கொஞ்சம் கூடுதல் கட்டணம், அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள். நாலாம் நாள் அப்பாவுக்கு முதுகுவலி. மாப்பிள்ளை நல்ல டிரைவர், பத்து வருஷமாக பெங்களூர் டிராஃபிக்கில் ஓட்டுகிறவர், அவர் உட்கார்ந்தார். பார்க்கிங்கில் ஒரு கம்பத்தில் உரசியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் முழுவதுமாகக் கழன்றுகொண்டது. எக்ஸெஸ் மட்டுமல்ல, ரிப்பேர் செலவு அத்தனையும், கார் ரிப்பேரில் நின்ற நாட்களுக்கான தொகையும் அவர்கள் கார்டில் ஏறியது. கம்பெனியைக் குறை சொல்ல வழியில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்ட ஷரத்து அது.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. பிள்ளை ஒருவனே ஓட்டட்டுமா, நானும் பெயர் கொடுக்கட்டுமா என்று. என் மனைவி சொன்னாள்: "ரெண்டு பேர் பேரையும் போடுங்கோ. நீங்க ஓட்டறதில எனக்கு பயம் இல்லை. தூக்கம் வர்றது, என்னால முடியலைன்னு சொல்ல வெட்கப்படுவேளே ரெண்டு பேரும், அதுதான் எனக்கு பயம்." முப்பது வருஷ கிளெய்ம் அனுபவத்தில் இவ்வளவு தெளிவாக நான் யோசித்ததில்லை. அன்றே ஒரு விதி செய்துகொண்டோம். காரில் இருக்கும் யார் வேண்டுமானாலும், பேரன் உட்பட, "நிறுத்து" என்று சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. ஐந்து நிமிஷத்துக்குள் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த வேண்டும். பத்து நாளில் நாலு தடவை அந்த விதி பயன்பட்டது. பேரன் சொன்னது ஆட்டுக்குட்டி பார்க்க, அதற்கும் நிறுத்தினோம்.

இதன் பின்னால் இருக்கும் கணக்கைச் சொல்கிறேன். நவம்பர் முதல் மார்ச் வரை அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கிக் காலை பத்து மணிக்குச் சாவி வாங்குகிறீர்கள். வெளியே நல்ல வெயில். உங்கள் உடம்புக்கு அப்போது மணி ராத்திரி இரண்டரை. அதுவும் இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்த உடம்பு. அந்த நிலையில் தெரியாத சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டுவது சாஹஸம் இல்லை, விபரீதம். முதல் ராத்திரியை இறங்கிய ஊரிலேயே கழியுங்கள். காரை மறுநாள் எடுங்கள். ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

அங்கேயும் இடது பக்கம்தானே என்ற தைரியம் நமக்கு வரும். இடது பக்கம்தான், ஆனால் பழக்கம் வேறு. ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட்டே தீர வேண்டும். ஸ்டாப் என்று போட்டிருந்தால், சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். கிராமப்புறத்தில் ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய. அறிவிப்பில் இரண்டு அம்புக்குறி இருக்கும். வட்டப் பலகையில் நம் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நாம் நின்று எதிரில் வருபவரை விட வேண்டும். நீலப் பலகையில் நம் அம்பு பெரிதாக வெள்ளையாக இருந்தால் முதல் உரிமை நமக்கு. அப்போதும் பார்த்துத்தான் போக வேண்டும். ஊருக்கு வெளியே பொதுவான உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், ஆனால் மலை வளைவுகளில் அது இலக்கு அல்ல. பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால் இடமிருக்கும்போது ஓரமாக ஒதுங்கி விட்டுவிடுங்கள். ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தனி ஸீட் கட்டாயம். புக்கிங்கிலேயே சொல்லிவிட வேண்டும்.

மில்ஃபோர்ட் சவுண்டுக்கு எல்லாரும் போக ஆசைப்படுவார்கள். குவீன்ஸ்டவுனிலிருந்து ஒரு வழிக்கே சுமார் நாலு மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். நடுவில் தே அனாவ் என்ற ஊரில் தங்கினால் ஒரு வழி இரண்டு மணி நேரம்தான். பெட்ரோலும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் மொபைல் சிக்னல் பெரும்பாலும் இராது. வழியில் 1954-இல் திறந்த ஹோமர் சுரங்கம், சுமார் 1.2 கிலோமீட்டர், பாறையைக் குடைந்தபடியே விட்டிருக்கிறார்கள். செங்குத்தாக இறங்கும். குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையையே மூடுவார்கள்; டயருக்குச் சங்கிலி எடுத்துப் போகவும் சொல்வார்கள். பனியில் ஓட்டிப் பழக்கமில்லாத நாம் அந்த ஒரு நாளைக்கு பஸ்ஸில் போவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

அசம்பாவிதம் நேர்ந்தால் அவசர எண் 111. அந்த நாட்டில் விபத்துக் காயத்துக்கு, வந்து போகும் விருந்தாளிக்கும் சேர்த்து, தப்பு யாருடையது என்று பார்க்காமல் சிகிச்சைச் செலவில் உதவும் அரசுத் திட்டம் 1974 முதல் இருக்கிறது. ஆனால் அது வியாதிக்குப் பொருந்தாது. மாரடைப்புக்கும், பயணம் தடைப்பட்டு முன்கூட்டியே ஊர் திரும்பும் செலவுக்கும் நம் டிராவல் இன்ஷூரன்ஸ்தான். முன்பே உள்ள ரத்த அழுத்தம், சர்க்கரையை மறைக்காமல் எழுதி வாங்குங்கள்.

வேறு தேசம் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் பெரிய ஆபத்து காரின் சேதம் அல்ல, எதிராளிக்குக் காயம் பட்டால் வரும் வழக்கு. மூன்றாம் நபர் பொறுப்புத் தொகை எவ்வளவு என்று கேட்டு, போதாவிட்டால் கூட்டிக்கொள்ள வேண்டும். இத்தாலியில் ஃப்ளாரன்ஸ், பீஸா போன்ற பழைய நகரங்களின் நடுப்பகுதியில் அனுமதி இல்லாத கார் நுழைந்தால் காமிரா பிடித்துவிடும். நாம் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதம் வரும். வாடகைக் கம்பெனி தன் கட்டணத்தையும் சேர்த்துப் பிடிக்கும். காரை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

கடைசியாக, காரை எடுக்கும்போதும் திருப்பும்போதும் நாலு பக்கமும், சக்கரம், கண்ணாடி, கூரை, பெட்ரோல் முள், மீட்டர் எல்லாவற்றையும் மொபைலில் வீடியோ எடுங்கள். பழைய கீறல்களைக் கம்பெனியின் காகிதத்தில் குறிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். அந்தப் பத்து நிமிஷம் நீங்கள் வாடகை கொடுத்து வாங்கியது. பிடித்த டெபாசிட் திரும்ப விடுபடச் சில நாள், சில சமயம் சில வாரம் ஆகும். அதுவரை வீடியோவை அழிக்காதீர்கள்.

பிள்ளைகள் டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டுவிட்டு, "நீங்க கவலைப்படாம வாங்கோ" என்பார்கள். போய்வாருங்கள். ஆனால் புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து அந்த ஒப்பந்தத்தைப் படியுங்கள். யார் ஓட்டுகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஏதாவது ஆனால் எவ்வளவு நம் கையிலிருந்து போகும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிவிட்டால் பிரயாணத்தில் ஜன்னல் பக்கம் பார்க்கலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உங்கள் கையில் வாடகை ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள், காபிக்குப் பிறகு சேர்ந்து படிப்போம்.