கண்ணாடி மாளிகையிலிருந்து மத்தியச் சிறை வரை

(பெங்களூரில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்தது. அதே வருஷம் அமெரிக்காவில் டிரம்ப் ஜெயித்தார். 2024-ல் மறுபடியும் ஜெயித்தார். படித்தவனும் பதவியில் இருப்பவனும் உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்கிற பேச்சு பல தேசங்களில் எடுபடுகிறது. தனிமனித சுதந்திரம், சட்டத்தின் ஆட்சி ஆகியவற்றை நம்பும் தாராளவாதம் ஆட்டம் கண்டிருப்பதாக அறிஞர்கள் கவலைப்படுகிறார்கள். நம் தேசத்துக்கு இது புதிதல்ல. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் இதே ஊரில், லால்பாகில் ஆரம்பமானது.

1969 ஜூலையில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி லால்பாக் கண்ணாடி மாளிகையில் கூடியது. கட்சித் தலைவர் நமது மாநிலத்தின் நிஜலிங்கப்பா. ஜனாதிபதி வேட்பாளராக சஞ்சீவ ரெட்டியை, இந்திரா காந்தியின் விருப்பத்தை மீறி, கட்சியின் மூத்தவர்கள் தேர்ந்தெடுத்தனர். டில்லி திரும்பிய இந்திரா 16-ந் தேதி மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதி இலாகாவை எடுத்தார். 19-ந் தேதி அவசரச் சட்டத்தின் மூலம் 14 வங்கிகள் அரசுடைமையாயின. உட்கட்சிச் சண்டை ஒரே வாரத்தில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடக்கும் சண்டையாக மாறியது. 1971 தேர்தலில் 'வறுமையை ஒழிப்போம்' என்ற கோஷத்துக்கு 352 இடங்கள் கிடைத்தன. மைசூர் மாநிலத்தின் 27 தொகுதிகளும் அதில் அடக்கம். ராஜாஜி 1959-ல் ஆரம்பித்த சுதந்திராக் கட்சி 1967-ல் 44 இடங்கள் பெற்றிருந்தது. 1971-ல் அது எட்டாகச் சுருங்கியது.

ஜனங்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று சொல்லி நாம் திருப்திப்பட்டுக்கொள்ள முடியாது. 1969-க்கு முன் வங்கிக் கடனில் விவசாயத்துக்குப் போனது நூற்றுக்கு சுமார் இரண்டு ரூபாய்தான். கிளைகளில் கால் பங்குகூட கிராமங்களில் இல்லை. லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்ஜியத்தைப் பற்றி ராஜாஜி எச்சரித்ததெல்லாம் பின்னால் பலித்தது. ஆனால் அவர் கட்சி மேடையில் மன்னர்களும் மில் முதலாளிகளும் அமர்ந்திருந்ததைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள்.

நான் விஞ்ஞானம் படித்தவன். வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போனால் எல்லோருக்கும் எரிச்சல் வரும். யாராவது வந்து கட்டைக் கம்பியைச் சொருகிவிட்டால் விளக்கு நன்றாக எரியும். வந்தவருக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஒயர் தீப்பிடிப்பது பிறகுதான் தெரியும். நீதிமன்றமும் பத்திரிகையும் ஃபியூஸ் மாதிரி. வங்கிச் சட்டத்தை 1970 பிப்ரவரியிலும், மன்னர்களின் மானியத்தை நிறுத்திய உத்தரவை அதே ஆண்டு டிசம்பரிலும் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. 1973 ஏப்ரலில், ஷெலாத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தனர். கட்டைக் கம்பி சொருகப்பட்டது.

1975 ஜூன் 26 அன்று வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, சியாம் நந்தன் மிஸ்ரா ஆகியோர் பெங்களூரில் கைது செய்யப்பட்டு மத்தியச் சிறையில் வைக்கப்பட்டனர். தண்டவதே சோஷலிஸ்ட். பொருளாதாரக் கொள்கையில் வாஜ்பாய்க்கும் அவருக்கும் எவ்வளவோ தூரம். இருவருக்கும் பூட்டு ஒன்றுதான். அந்தச் சிறை இன்று ஃப்ரீடம் பார்க். பேரப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 1977-ல் வட இந்தியாவில் காங்கிரஸ் அடியோடு சாய்ந்தது. கர்நாடகத்திலோ 28-ல் 26 இடங்கள் அதற்கே கிடைத்தன. காரணங்கள் பல. அவற்றில் முக்கியமானது தேவராஜ் அர்ஸின் ஆட்சி. 1974-ன் நிலச் சீர்திருத்தத்தால் குத்தகைதாரர்களுக்கு நிலம் கிடைத்தது. ஹாவனூர் கமிஷன் மூலம் பிற்பட்டோருக்கு வழி திறந்தது. நிலம் இழந்தவர்களில் நம் சமூகத்துக் குடும்பங்களும் உண்டு. அந்த வலி இன்னும் ஆறவில்லை. ஆனால் நிலம் பெற்ற குடும்பத்துக்கு அது வெறும் கோஷமாக இருக்கவில்லை. தன் வாசலுக்கு எதுவும் வராதபோது, சுதந்திரத்தைப் பற்றிய நம் உபந்யாசத்தை அவன் ஏன் கேட்க வேண்டும்?

மேல்தட்டு என்று மேடையில் யாராவது கையை நீட்டினால், அந்த விரல் பெரும்பாலும் நம்மையும் காட்டும். அதனால் நமக்கு இரண்டு சபலங்கள் வருகின்றன. ஒன்று, வீட்டுக்குள் உட்கார்ந்து புலம்புவது. மற்றொன்று, நமக்குப் பிடித்த பலசாலி ஒருவர் ஃபியூஸைப் பிடுங்கும்போது கைதட்டுவது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற நியாயம் அரசியலில் ஆபத்தானது. நம் கட்சி உடைத்தாலும் உடைந்தது உடைந்ததுதான்.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. பத்திரிகையாளரோ மாணவரோ விசாரணையின்றி அடைக்கப்பட்டால், அவர் கருத்து நமக்குப் பிடிக்காவிட்டாலும், அது தவறு என்று சொல்லுங்கள். இரண்டாவதாக, நம் சங்கத்தின் கல்வி உதவி நம் பிள்ளைகளோடு நிற்காமல், நம் வீட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் போகட்டும். ஃபியூஸைக் காப்பது முதல் வேலை என்றால், லோடு ஏன் ஏறுகிறது என்று பார்ப்பது இரண்டாவது வேலை. ஒன்றை விட்டு மற்றொன்று பயன்படாது.