வேலை தெரிந்தவர்க்கும் ஒரு தேர்வு



கட்டுமானத் தளத்திலோ தொழிற்சாலையிலோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர்கள் நம்மில் பலர். ஆள் பிரிப்பதும், சாமான் வரவழைப்பதும், கெடு தவறாமல் வேலையை முடிப்பதும் நமக்குக் கைவந்தவை. அப்படிப்பட்டவர்களும் 'பி.எம்.பி.' என்னும் திட்ட நிர்வாகத் தேர்வுக்குப் போய்த் தோற்றுத் திரும்புவதுண்டு. கட்டிய பணமும் போய், மாதக்கணக்கில் பிள்ளைகளோடு கழிக்காத ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடுகின்றன. வேலை தெரியாததாலா? இல்லை. வேலைப் பழக்கமே பல வேளைகளில் காலை வாரிவிடுகிறது!

அமெரிக்காவில் 1969இல் தொடங்கப்பெற்ற திட்ட நிர்வாகக் கழகம் இத்தேர்வை 1984இல் ஏற்படுத்தியது. 2021 ஜனவரியில் வந்த முறைப்படி 180 வினாக்கள், 230 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடம்தான் கிடைக்கும். இவ்விவரங்களைக் கழகத்தார் அவ்வப்போது மாற்றுவார்கள். ஆகவே பணம் கட்டுமுன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினா எப்படி இருக்கும்? வேலை பாதி நடக்கையில் வாடிக்கையாளர் வந்து, "இங்கே இன்னொரு கதவு வையுங்கள்" என்கிறார். நாம் முதலில் என்ன செய்ய வேண்டும்? அவர் மனம் கோணக்கூடாதென்று நாம் உடனே தலையாட்டுவோம். அல்லது மேலதிகாரியிடம் போய் நிற்போம். தேர்வு இரண்டையும் ஏற்காது. அக்கதவினால் செலவு எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளிப்போகும், வேறு எந்த வேலை தடைப்படும் என்று ஆராய்வதே முதல் வேலை. ஒப்புதல் கேட்பது அதற்குப் பிறகுதான். நான்கு விடைகளும் நல்லவையாகவே தோன்றும். 'முதலில்' என்ற சொல்லைக் கவனிக்காதவர் ஏமாந்துபோவார். வேலையைச் சிறுசிறு தவணைகளாக முடித்துக் காட்டும் 'அஜைல்' முறையானால் இதே வினாவுக்கு விடை வேறு: புதிய தேவையைப் பட்டியலில் சேர்த்து, எது முந்தியது என்று அதற்குப் பொறுப்பானவர் வரிசைப்படுத்துவார். அதனால் எந்த முறையில் நடக்கும் வேலை என்பதையும் வினாவிலேயே தேட வேண்டும்.

கணக்கைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. பத்து வீடுகளுக்குச் சாயம் பூச 10 நாள், 10,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் மாலை 5,000 வெள்ளி செலவாகியிருக்கிறது. பாதி நாள், பாதிப் பணம். எல்லாம் ஒழுங்கு என்று கையெழுத்துப் போட்டுவிடுவோமா? முடிந்த வீடுகளை எண்ணிப் பாருங்கள்: நான்குதான்! 4,000 வெள்ளி வேலைக்கு 5,000 கொடுத்திருக்கிறோம். நான்கை ஐந்தால் வகுத்தால் 0.8. இதே போக்கில் போனால் 10,000 வெள்ளி வேலை 12,500இல் முடியும். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, இப்படி ஒரு தடவை நம் சொந்த வேலையில் போட்டுப் பார்ப்பது மேல்.

தடித்த நூலை அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பதில் நமக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. தினமும் இருபது வினா போடுங்கள். தவறியவற்றைத் தனி நோட்டில் எழுதி, "நாம் ஏன் அந்த விடைக்குப் போனோம்?" என்று பக்கத்தில் ஒரு வரி குறியுங்கள். இரண்டு வாரத்தில் நம் பழக்கம் எங்கே இழுக்கிறதென்று அந்த நோட்டே காட்டிவிடும். தேர்வுக்கு முன் இரண்டு முறையாவது 180 வினாக்களையும் ஒரே அமர்வில் எழுதிப் பாருங்கள். நூறாவது வினாவுக்குமேல் கண் வரிகளைத் தாண்டி ஓடும். இரவு வேலை முடித்த காலையில் மட்டும் தேர்வு நாளை வைத்துக்கொள்ள வேண்டாம்.