இழைய வகையும் எம் ஊர்க் காய்ச்சலும்



"இந்த வருத்தம் எங்கட பரம்பரையில எழுதியிருக்கு" என்று எம்மவர் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதில் எவ்வளவு உண்மை?

எமது உடற்கலங்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ எனப்படும் இழைய வகைப் புரதங்கள் உள்ளன. தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து மறுபாதியும் வருகின்றன. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பொருத்தம் பார்ப்பது இவற்றைத்தான். கலத்தினுள் கிருமி புகுந்தால், அதன் துணுக்கொன்றை வெளியே ஏந்தி வெண்குருதிக் கலங்களுக்குக் காட்டுவதே இவற்றின் அன்றாட வேலை. எல்லா வகையும் எல்லாத் துணுக்கையும் ஒரே மாதிரி ஏந்துவதில்லை. ஒரே கிருமி ஒருவரைப் படுக்கையில் வீழ்த்தி, இன்னொருவரை இலேசாகத் தொட்டுச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எமது பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் தாயகம் ஆபிரிக்கா. அதே மரம் வளரும் காம்பியா நாட்டில் நடந்து 1991இல் வெளியான ஆய்வு, எச்.எல்.ஏ-பி53 வகையுள்ள பிள்ளைகள் கடும் மலேரியாவுக்கு ஆளாவது குறைவு எனக் காட்டியது. மறுபுறம், எச்.எல்.ஏ-பி27 வகை முள்ளந்தண்டை இறுகச் செய்யும் வாதநோயுடன் தொடர்புடையது என 1973இல் தெரியவந்தது. ஆயினும் அந்த வகையுள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அந்நோய் வருவதேயில்லை. பரம்பரை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். முடிவை அது மட்டும் தீர்மானிப்பதில்லை.

மலேரியா எம் தாய்மாரும் பாட்டிமாரும் நன்கு அறிந்த காய்ச்சல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதற்காக எவருடைய இழைய வகையும் மாறவில்லை. வீடுவீடாகக் குருதி சோதித்தவர்கள், மருந்து தெளித்தவர்கள், பிள்ளைகளுக்கு நுளம்பு வலை கட்டிய தாய்மார் ஆகியோரின் உழைப்பே அது.

ஆனால் சில மாதங்களுக்குள்ளேயே மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்த நுளம்பு கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும். மலேரியாவைக் காணாமல் வளரும் எமது பிள்ளைகளுக்கு, முன்னோர் அடிக்கடி காய்ச்சல் கண்டு பெற்ற எதிர்ப்புச் சக்தியும் இல்லை.

ஆகவே சகோதரிகளே, இந்தியாவுக்கு யாத்திரை போய் வந்தபின்னோ, ஆபிரிக்க நாடுகளிலிருந்து திரும்பியபின்னோ காய்ச்சல் கண்டால், பயணத்தை வைத்தியரிடம் மறவாமல் சொல்லி, மலேரியாவுக்கான குருதிச் சோதனையைச் செய்யுங்கள். ஊரில் இருப்போர் கிணற்றையும் தொட்டியையும் மூடி வையுங்கள். பெற்றோர் தந்த இழைய வகையை நாம் மாற்ற முடியாது. இவற்றை இன்றே செய்ய முடியும்.